நிலுவைத் தொகை பற்றி எழுந்துள்ள பேச்சு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், விபத்து இழப்பீட்டுக்காக நம்மை நாடிவரும் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

ஓய்வூதிய, இழப்பீட்டு மனுக்களைக் கவனிக்கும் நம் வேலூர் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, மின்சாரம் போனால் எந்தப் பலகையில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கடந்த சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. பணியிலிருந்து வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வீரருக்கு டிசபிலிட்டி பென்ஷன் (படைப்பணியால் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியம்) வழங்கும்படி உத்தரவு வந்தும், மூன்று ஆண்டு நிலுவைதான் அவர் கணக்கில் ஏறியது, மீதியை ‘ஆபீஸ்காரர்கள்’ எடுத்துக்கொண்டார்கள் என்று அதில் ஒருவர் பேசுகிறார். நம் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படி, பச்சைக் கதவு என்று அடையாளம் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

பேசியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு உரிய பணம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் வந்தால் யாருக்கும் மனம் கொதிக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு நம் மேசையில் போடப்பட்டதன்று, உச்ச நீதிமன்றம் போட்டது. தர்சேம் சிங் என்னும் வீரர் 1983-இல் உடல்நலக் காரணத்தால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டு, 1999-இல்தான் உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவருக்கு உரிமை உண்டு என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கு மறுப்பில்லை. மாதந்தோறும் மறுக்கப்படும் ஓய்வூதியம் தொடர்ந்து நிகழும் தவறு என்பதால், காலம் கடந்துவிட்டது என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது என்றும் கூறியது. ஆனால் நிலுவையை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே தரலாம் என்று 2008-இல் வரம்பு கட்டிவிட்டது. படைவீரர்களின் பணி, ஓய்வூதிய வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் தாமதமாக வரும் மனுக்களில் இந்த வரம்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சில உத்தரவுகள், குறிப்பாக ஊன விழுக்காட்டை உயர்த்திக் கணக்கிடும் வழக்குகளில், இன்னும் பின்னோக்கிச் சென்று நிலுவை தந்திருப்பதையும் நாம் அறிவோம். அது அந்தந்த உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. குரல் பதிவில் பேசப்படும் கோப்பின் உத்தரவில் ‘மனு தாக்கல் செய்த தேதிக்கு மூன்றாண்டுகள் முன்பிருந்து’ என்ற வரி தெளிவாகவே இருக்கிறது. அதன் நகல் அந்தக் குடும்பத்தாரின் கையில்தான் உள்ளது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிலுவைப் பணம் நம் அலுவலகத்தின் வழியாக வருவதே இல்லை. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் ஒப்புதல் அளித்து, ஸ்பர்ஷ் என்னும் இணையவழி ஓய்வூதிய முறை வழியாக அது நேரே உங்கள் வங்கிக் கணக்கில் சேர்கிறது. இனி வரப்போகும் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. நமக்காகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதாடும் வழக்கறிஞர் அம்மையார் அந்த விதியில் எவ்வளவு கறாரானவர் என்பது, நன்றி சொல்லச் சேலையும் பழத்தட்டும் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவந்த நம் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியும். ‘அரியர்ஸில் பத்துக்கு இரண்டு’ என்று பேரம் பேசும் தரகர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களையும் நம்மையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

விழுக்காட்டுக் கணக்கிலும் இதே போன்ற மனக்கசப்பு எழுவதால் அதையும் எழுதுகிறேன். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்து, அது படைப்பணியால் உண்டானதாகவோ மோசமானதாகவோ ஏற்கப்பட்டால் டிசபிலிட்டி எலிமெண்ட், அதாவது ஓய்வூதியத்தில் ஊனத்துக்கான பகுதி, கிடைக்கும். 50-க்குக் குறைவானதை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் கொள்ளும் சலுகை, 2001-ஆம் ஆண்டு அரசாணையில் உடல்நலக் குறைவால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 50 விழுக்காடு என்றால் பென்ஷனில் பாதி என்று பொருளல்ல. முழு ஊனத்துக்கே கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடுதான் கணக்கு. கணக்கில் கொள்ளப்படும் ஊதியம் 40,000 ரூபாய் என்றால் முழு ஊனத்துக்கு 12,000. 20 விழுக்காட்டுக்கு 2,400. அது 50 ஆக உயர்த்தப்பட்டால் 6,000. இதைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகும் ‘மீதி எங்கே’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்ற குறை நியாயமானதே. ஆயினும் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய பிறகு, அரசுத் தரப்பும் அந்த வாசலைப் பயன்படுத்துகிறது. அந்தக் காத்திருப்பை நம்மால் குறைக்க இயலாது.

மாவட்ட மருத்துவமனையில் 40 விழுக்காடு என்று சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கி வந்து, இதைக் காட்டி ராணுவ ஓய்வூதியம் பெற்றுத் தாருங்கள் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தச் சான்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கானது. அரசின் மற்ற சலுகைகளுக்கு உதவும். ராணுவ ஓய்வூதியத்துக்கு அடித்தளம் பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் ராணுவ மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டின் பதிவுதான். பணியில் சேரும்போது நோய் ஏதும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னர் வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு துறைக்கே உரியது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பானது. அதனால்தான் சேர்க்கையின்போது எடுத்த மருத்துவத் தாளுக்கு அவ்வளவு வற்புறுத்துகிறோம். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்துவதால், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் உத்தரவைப் பார்த்துத் தம் கணக்கைப் போட வேண்டாம்.

விபத்துக் கோப்புகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த நம் மூத்த உதவியாளர் சொந்தக் காரணங்களால் விலகியிருக்கிறார். அவர் போனதற்கும் குரல் பதிவுக்கும் தொடர்பில்லை. அப்படி ஒரு பேச்சும் உலவுவதால் இதைச் சொல்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் காயமுற்று வந்தவர்களின் நடப்புக் கோப்புகள் தொடர்ந்து பார்க்கப்படும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது என்பதால், வரும்போது இ.எஸ்.ஐ. எண்ணைக் கொண்டுவாருங்கள். சாலை விபத்துகளில் ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்வதற்கான விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதிய விபத்துக் கோப்புகளைத் தற்காலிகமாக ஏற்பதில்லை. கட்டணமும் வரும் மாதம் முதல் சிறிது மாறுகிறது, விவரம் வாசல் பலகையில் உள்ளது, முன்பணம் இனித் திருப்பித் தரப்படமாட்டாது.

கம்மவான்பேட்டையிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் முதல் பேருந்தில் வந்து, நாங்கள் கதவைத் திறக்கும்வரை படிக்கட்டில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையில் பொத்திக் கொண்டுவரும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. குரல் பதிவு பரவிய வாரத்திலேயே, யாரும் கேட்காமல் குழுவில் தம் வங்கிப் புத்தகப் பக்கத்தைப் பதிவிட்டு, ‘என் பணம் முழுதாக எனக்கு வந்தது’ என்று எழுதிய சுபேதார் ஐயாவை எங்களால் மறக்க முடியாது. கணக்கு எண்ணை மறைத்திருக்கலாமே ஐயா என்று மட்டும் அன்போடு சொல்லிக்கொள்கிறேன்.

ஐயம் உள்ளவர்கள் தீர்ப்பாய உத்தரவின் நகல், ஸ்பர்ஷில் எடுத்த ஓய்வூதிய ஆணை, நிலுவை வரவான மாதத்தின் வங்கிப் பக்கம் ஆகிய மூன்றையும் கொண்டு வந்தால், உத்தரவின் தேதியையும் வரவையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. புதன்கிழமை வழக்கறிஞர் சென்னையில் இருப்பார். மற்ற நாட்களில் காலையில் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
அலுவலக உரிமையாளர், வேலூர்