பேப்பர்காரருக்குப் போடல

சிரஞ்சீவி கார்த்திக்கு,

அம்மா எழுதுறேன். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு. நீ ராத்திரி சாப்பிடாம படுக்காதே.

பரண்ல இருக்கற உன் காமிக்ஸ் பெட்டியை பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னே. போடல. துபாய் சித்தப்பா கொண்டுவந்ததை மாமா பையன் தொட்டான்னு வாரக்கணக்கா அவன்கூடப் பேசாதவன், எப்படிடா இப்படிச் சொன்னே? சரி, நான் ஒண்ணும் கேட்கல.

இறக்கித் துடைச்சப்ப சூப்பர்மேனோட நாய் கிரிப்டோ கையில வந்தான். 1955 மார்ச், அட்வென்ச்சர் காமிக்ஸ் 210, எழுதினது ஆட்டோ பைண்டர், வரைஞ்சது கர்ட் ஸ்வான். நீ ஒப்பிச்சு ஒப்பிச்சு எனக்கே மனப்பாடம். பானிபட் போர் வருஷம் நிக்காத தலையில இதெல்லாம் நின்னுச்சு. அந்த ஞாபக சக்தியை நான் சொல்லாத வீடு இல்ல.

அப்போ நாய்க் கதைன்னுதான் படிச்சேன். இப்போ சூப்பர்மேனோட அப்பா ஜோர்-எல்லை நினைச்சுத் தூக்கம் வரல. அவங்க கிரகம் கிரிப்டான் வெடிக்கப் போகுதுன்னு அவருக்குத் தெரியும். பிள்ளையை ஏத்தறதுக்கு முன்னால, ராக்கெட் பத்திரமாப் போகுமான்னு பார்க்க நாயை அனுப்பினார். அது தடம் மாறிப் போயிடுச்சு. அப்புறமும் பிள்ளையை ஏத்தினாரே, அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்! நாய் பூமிக்கு வந்து சேர்ந்தப்ப, பின்னால கிளம்பின குழந்தை ஸ்மால்வில் ஊர்ல வளர்ந்த பையன். அத்தனை வருஷமும் அது தனியா எங்கெங்க சுத்துச்சோ. வந்ததே, அது போதும்.

நினைச்ச உருவம் எடுக்கற வேற்றுக்கிரக ஆளுங்க, மாடாகிப்போன ஸ்க்ரல்களும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. 1962, ஃபென்டாஸ்டிக் ஃபோர் ரெண்டாவது இதழ். அந்த நாலு பேருக்குத் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ் அதுங்களை வசியம் பண்ணி, மாடா மாறச் சொல்லி, தாங்க யாருங்கறதையே மறக்க வச்சு மேய விட்டுடுவான். வில்லனுங்கதானேடான்னு அப்பா சொன்னார். "அதுங்களுக்குத் தெரியலையேப்பா"ன்னு அழுதே. அந்த இளகின மனசுதான் எனக்கு எப்பவும் கவலை.

எனக்குப் பிடிச்சது ஸ்ட்ரீக்கி. 1960-ல வந்த சூப்பர்கேர்ளோட பூனை. கிரிப்டான்காரங்களை முடக்கிப் போடற பச்சைக் கிரிப்டோனைட் கல்லோட விஷத்தை முறிக்க சூப்பர்கேர்ள் முயற்சி பண்ணினா. சரிவரலன்னு அவ தூக்கி எறிஞ்ச கல்லுலதான் அதுக்குச் சக்தி வந்துச்சு. சக்தி வரும், போகும். போனாலும் அது அவ பூனைதான். இதை ரெண்டு தடவை படி.

வேலை எப்படின்னு கேட்டா "பரவாயில்ல"ங்கறே. வீடியோவும் போடறதில்ல. அங்க குளிர் ஜாஸ்தின்னு டிவியில சொன்னாங்க, தலையில எண்ணெய் வை. பணம் காசு எதுவானாலும் அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ராத்திரி சாப்பிடு.

சித்தப்பா பொண்ணுக்குத் தையில நிச்சயம். மத்தது அப்புறம்.

இங்க பத்து மணிக்கு மேல போன் பண்ணு, அப்பா தூங்கிடுவார். நான்தான் எடுப்பேன். வீடியோ வேண்டாம்னா வேண்டாம்.

அம்மா