பெட்டை நாய்க்குப் பெயர் வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் நாய்க்குட்டிக்கு வைக்கப் புதுமையான பெயர்கள் என்று பத்திரிகை இணைப்பிதழ்களில் அவ்வப்போது பட்டியல் வருகிறது. பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன, பொருளும் போட்டிருக்கிறார்கள். ஆனால் மொட்டை மாடியில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் தெருமுனையில் நிற்கும் நாய் திரும்புமா என்பதை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை. "சொன்ன பேச்சு கேட்கவே மாட்டேங்குது" என்று பயிற்சிக்குக் கொண்டுவரப்படும் குட்டிகளில் சிலவற்றுக்குக் கோளாறு பெயரில்தான் இருக்கிறது.

புதுப் பெயர் வேண்டும் என்று தேடுவது நியாயமே. ஜூலி, ரோசி, டெய்சி, பிங்கி, லைக்கா, அம்மு, பாப்பா ஆகிய ஏழெட்டுப் பெயர்களுக்குள் தமிழ்நாட்டின் பாதிப் பெட்டை நாய்கள் அடங்கிவிடும் போலிருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு ஜூலி இருந்தால் யார் கூப்பிட்டாலும் இரண்டும் காதைத் தூக்கும். கூப்பிட்ட குரல் தன்னுடையவர்களுடையது இல்லை என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொள்ளும் நாய், நாளடைவில் பெயரையே சட்டை செய்யாமல் விட்டுவிடும். ஆகவே தெருவில் வேறு நாய்க்கு இல்லாத பெயர் நல்லது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் கட்டளைச் சொல்லோடு மோதும் பெயர். 'சிட்டு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாக, துறுதுறுவென்று இருக்கும் பெட்டைக் குட்டிக்கு அருமையான பெயர். ஆனால் நம் வீடுகளில் நாயைப் பழக்கும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம், நம் வாயில் அவை உகரம் சேர்ந்துதான் வரும். 'சிட்' என்பது 'சிட்டு' ஆகிவிடும், 'கம்' என்பது 'கம்மு' ஆகிவிடும். "சிட்டு, சிட்டு" என்றால் கூப்பிடுகிறார்களா, உட்காரச் சொல்கிறார்களா என்று குட்டிக்குப் புரியாது. கூப்பிட்ட இடத்திலேயே குந்திக்கொள்ளும், வீட்டார் "வராம அடம் பிடிக்குது" என்பார்கள். உட்காரச் சொன்னால் ஓடிவந்து மேலே தாவும், அதற்கும் திட்டு விழும். அம்முவுக்கும் 'கம்மு'வுக்கும் இதே கதைதான். ஏற்கெனவே சிட்டு என்று வைத்துவிட்டவர்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை, கட்டளையை 'உட்கார்' என்று மாற்றினால் போதும்.

ஒரு எழுத்துதானே வேறுபடுகிறது, நாய்க்குத் தெரியாதா என்று கேட்கலாம். 2020இல் புடாபெஸ்டில் உள்ள ஆய்வாளர்கள் நாய்களின் தலையில் மின்முனைகள் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். பழகிய சொல்லையும் அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒலியையும் நாய்களின் மூளை பிரித்தறிந்தது. பழகிய சொல்லில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. நுணுக்கமான எழுத்து வேறுபாடு நம் காதுக்குத்தான், நாய்க்கு மொத்த ஓசைதான்.

தமிழில் பழக்குபவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'வா' என்று கூப்பிடும் வீட்டில் வாணி, வாகை வேண்டாம். 'இரு' என்று நிறுத்தும் வீட்டில் இருவாச்சி வேண்டாம். பறவை ஆர்வலர்கள் இப்போது விரும்பி வைக்கும் பெயர் அது. 'போ' என்று விரட்டும் வீட்டில் பொருநையும், 'நோ' சொல்லும் வீட்டில் நொய்யலும் குழப்பம் தரும், ஆறுகளின் பெயர்கள் எவ்வளவு இனிமையாக இருந்தாலும். 'ஸ்டே' பழக்குபவர்கள் ஸ்டெல்லாவைத் தவிர்க்கலாம். எல்லாவற்றையும்விடக் கவலை தருவது 'சூசி'. நம் ஊரில் 'சூ' என்பது நாயை ஏவிவிடும் சொல். காவலுக்கு வளர்க்கும் நாயை 'சூ' என்று பழக்கிவிட்டு, வாசலில் ஆள் நிற்கும்போது "சூசி" என்று கூப்பிடுவது ஆபத்து. 'சீ' என்று அதட்டும் வழக்கமுள்ள வீட்டில் சீனி என்ற பெயரும் அப்படித்தான், கூப்பிடும்போதெல்லாம் நாய் வாலை இடுக்கிக்கொள்ளும்.

அடுத்து, ஆட்களின் பெயர். பெண் நாய்க்கென்று வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை பெண் குழந்தைகளின் பெயர்களே: நிலா, தாரா, மாயா. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று "ஏய் தாரா, இங்க வா" என்று அதட்டினால், எதிர்வீட்டில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருந்தால், அது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். பெயரை முடிவு செய்யும் முன் வாசலில் நின்று பத்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தெருவில் யாராவது மனிதர் திரும்பினால் அந்தப் பெயர் வேண்டாம். வீட்டிலேயே குழந்தையை 'பாப்பா', 'குட்டி' என்று கொஞ்சுபவர்கள் நாய்க்கும் அதையே வைத்தால், குழந்தையைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் நாய் எழுந்து வந்து ஏமாந்து திரும்பும்.

நிறப் பெயரும் எல்லா இடத்திலும் உதவாது. ராஜபாளையம் நாய் என்றாலே வெள்ளைதான். ஆறு குட்டிகள் இருக்கும் ஈற்றில் எதை வெள்ளச்சி என்பது?

ஓசை விஷயத்துக்கு வருவோம். இரண்டு அல்லது மூன்று அசை போதும். க, ட, ப போன்ற வல்லோசை நடுவில் ஒன்று இருந்தால் இரைச்சலிலும் எடுபடும். முடிவு உயிரோசையாக இருப்பது தமிழில் மிக முக்கியம், ஏனென்றால் தூரத்திலிருந்து கூப்பிடும்போது நாம் கடைசி எழுத்தைத்தான் இழுப்போம். குறிஞ்சி என்பது "குறிஞ்சீ" என்று வயல் தாண்டிப் போகும். தென்றல், காந்தள் ஆகியவற்றை இழுக்க முடியாது. வெளியே போனால் தானாகவே "தென்றலே" ஆகிவிடும். வீட்டுக்குள் 'தென்றல்', தோட்டத்தில் 'தென்றலே' என்று இரண்டு பெயராகிவிடாமல், முதல் நாளிலிருந்தே 'தென்றலே' என்று மட்டும் கூப்பிட்டுப் பழக்குங்கள். மரகதப்புறா, கொண்டலாத்தி போன்ற நீளப் பெயர்கள் தாளில் அழகு. ஒரே வாரத்தில் பாட்டி 'ஆத்தி' என்பார், அப்பா 'கொண்டை' என்பார், பிள்ளைகள் வேறொன்று சொல்வார்கள். சுருக்கப் பெயரையும் முன்கூட்டியே முடிவு செய்து எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். சோறு வைப்பவர் வாய்க்கு வராத பெயர் நிற்காது என்பதையும் மறக்கக் கூடாது. பல வீடுகளில் அது பாட்டிதான், ஃபீபியும் ஸோயியும் அவர் வாயில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு மிஞ்சும் நல்ல பெயர்கள் நிறையவே உண்டு. வெள்ளை ராஜபாளையத்துக்குத் 'தும்பை', கறுத்த கன்னி இன நாய்க்குக் கருப்புக் கவுணி அரிசியின் பெயரில் 'கவுணி', செம்பழுப்புக் கோம்பை இன நாய்க்குத் 'தினை'. பழந்தமிழில் நாயைக் குறிக்கும் 'ஞமலி' இன்று யாரும் வைக்காத பெயர், ஓசையும் நன்றாக இருக்கிறது. ரிக் வேதத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்த இந்திரனின் பெண் நாய் 'சரமா'. மோப்பத் திறன் உள்ள பெட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1957 நவம்பர் 3 அன்று விண்ணுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாமல் போன லைக்காவின் பெயர் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. 1960 ஆகஸ்டில் ஸ்ட்ரெல்கா என்ற இன்னொரு நாயோடு போய் உயிரோடு திரும்பிய 'பெல்கா'வை யாரும் நினைப்பதில்லை. இரண்டு அசை, நடுவில் வல்லோசை, ஆகார முடிவு என்று எல்லாம் பொருந்திய பெயர்.

பெயர் வைத்துவிட்டால் போதாது, கற்றுக்கொடுக்க வேண்டும். எட்டு வார வயதில் குட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே தொடங்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவில் பத்துத் துண்டாக்கிக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. கதவைச் சாத்திய அறையில், குட்டி வேறு எங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். முகம் திரும்பிய நொடியில் ஒரு துண்டு. பத்துத் துண்டும் தீர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அறையில் தவறாமல் திரும்பினால் திண்ணைக்கு, பிறகு மாடிக்கு, கடைசியில் கழுத்துப்பட்டையும் கயிறும் போட்டுத் தெருவுக்கு.

குட்டி திரும்பாவிட்டால் "தும்பை, தும்பை, தும்பை" என்று அடுக்கக் கூடாது. மூன்றாவது தடவைதான் திரும்ப வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். நாக்கால் ஒரு சத்தம் எழுப்பிக் கவனத்தைத் திருப்பி, சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு முறை சொல்லுங்கள். பெயரைச் சொல்லித் திட்டுவதும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மருந்து புகட்டுவதும் நகம் வெட்டுவதும் செய்த வேலையைக் கெடுத்துவிடும். அந்த வேலைகளுக்கு நாமே எழுந்து குட்டியிடம் போக வேண்டும். பெயரைத்தான் கற்றிருக்கிறதா, நம் குரலின் ராகத்தையா என்று சோதிப்பதும் எளிது. அதே ராகத்தில் 'கத்தரிக்கா' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் அதே வேகத்தில் திரும்பினால் பெயர் இன்னும் பதியவில்லை.

ராஜபாளையம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. ஒரு வாரமாகியும் பெயருக்குத் துளியும் அசையாவிட்டால் அடிக்காதீர்கள். குட்டி தூங்கும்போது பின்பக்கம் சற்றுத் தள்ளி நின்று, கையில் பிடித்தபடியே சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையில் போட்டால் அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும், சோதனை பலிக்காது. காதுகூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்காத குட்டிக்கும் பெயர் உண்டு: தோளில் மெல்ல இரண்டு தட்டு, அல்லது விரல்களை விரித்து மூடும் ஒரு கைச்சாடை. சொல்லித்தரும் முறை மேலே சொன்ன அதேதான், அந்தச் சாடையும் கறித்துண்டும். அதைக் கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது, அவ்வளவுதான்.

வேறு வீட்டிலிருந்து வளர்ந்த நாயை எடுத்தவர்கள் தயங்காமல் பெயரை மாற்றலாம். புதுப் பெயரை முதலில் சொல்லி, உடனே பழைய பெயரைச் சொல்லி, திரும்பியதும் தீனி கொடுங்கள். வரிசை மாறக் கூடாது. பழையதை முன்னால் சொன்னால் அதற்கே திரும்பிவிடும், புதியது காதில் ஏறாது. புதுப் பெயருக்கே திரும்பத் தொடங்கியதும் பழையதை விட்டுவிடலாம்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களும் பெட்டைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பது அவசியம். காதில் போடப்பட்ட வெட்டு கருத்தடை ஆனதைக் காட்டும், வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதைக் காட்டாது. எல்லாவற்றையும் 'அம்மா நாய்' என்று கூப்பிட்டால், ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி எதற்குப் போட்டது, எதற்குப் போடவில்லை என்று நோட்டில் எழுத வழியில்லை. வளர்ப்பு நாய்க்கு உடம்பில் பொருத்தும் அடையாளச் சில்லிலும் (மைக்ரோசிப்) 15 இலக்க எண் மட்டுமே இருக்கும், பெயர் பதிவேட்டில்தான். யாழி போன்ற பெயரை ஒரு இடத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு இடத்தில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவார்கள். ஊசி அட்டையில் முதல் நாள் எழுதிய எழுத்துக்கூட்டலையே நாய் வளர்ப்பு உரிமத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை இப்படியொரு பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் பொருளோடு, எந்தக் கட்டளைச் சொல்லோடு மோதும் என்பதையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்,
ராஜபாளையம்.