இடம் வாங்கிப் போடச் சொன்ன மாமாவுக்கும் சேர்த்து

அக்கா,

ஏரிக்கரையில் ஒரு இடம் வாங்கிப் போடச் சொல்லி மாமா போனில் சொன்னாரே, அதற்குள் லைன் கட் ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். இங்கே எவனும் இடம் வாங்க முடியாது அக்கா. கோடீஸ்வரனுக்கும் அதே கதைதான்.

நான் இருக்கிற வாஸ்கசூ, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர். 1927இல் அமைத்த பூங்கா. நிலம் அரசாங்கத்துடையது, கேபின், அதாவது கோடைக்கு வந்து தங்குகிற சின்ன வீடு, உன்னுடையதாக இருக்கலாம், அது நிற்கிற மண் குத்தகைதான். ஒரு காலத்தில் பாதி டென்ட், பாதி பலகையாகக் குடிசை போட்டுக் கோடை முழுக்க இருந்துவிட்டு, சீசன் முடிந்ததும் அதையும் பிரித்து எடுக்க வேண்டுமாம், நம் சித்திரைத் திருவிழாக் கடை மாதிரி. அரசாங்க நிலம் என்று சொல்கிறேனே தவிர, அதற்கு முன்னால் இங்கே வேட்டையாடி மீன் பிடித்து வாழ்ந்த கிரீ, மேட்டி என்ற பூர்வகுடிக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டுத்தான் பூங்கா வந்தது. கோடையில் வருகிறவர்கள் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

கிரே அவுல் என்று ஒருவர் 1931இலிருந்து இங்கே அஜவான் ஏரிக்கரையில் இருந்தார். பூங்காச் சம்பளத்தில் பீவர்களை, அதாவது மரத்தைக் கடித்து வெட்டி நீரில் அணை கட்டுகிற பெரிய எலி மாதிரிப் பிராணிகளை, பார்த்துக்கொள்வது வேலை. அந்த மரவீட்டுக்குள்ளேயே பீவர்கள் கூடு கட்டிக்கொண்டன. தன்னைப் பூர்வகுடி என்று சொல்லிப் புத்தகம் எழுதி உலகத்தையே நம்பவைத்தார். 1938இல் செத்த பிறகுதான் ஆள் இங்கிலாந்துக்காரர் ஆர்ச்சி பெலனி என்று எல்லாருக்கும் தெரிந்தது. அத்தனை புகழ் இருந்தும் அவருக்கும் அந்த மண் சொந்தமில்லை, மாமாவிடம் சொல்.

என் வேலை கோடையில் ஒன்று, செப்டம்பருக்குப் பிறகு வேறு. ஜூலையில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், தெரு முழுக்கச் சைக்கிள், ஐஸ்கிரீம் கடையில் கியூ, கொசுவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். அப்புறம் கேபின் கேபினாகப் போய்த் தண்ணீரை மூடி, குழாயில் நிற்பதைக் கம்ப்ரஸரால் ஊதி வெளியே தள்ளி, சிங்குக்கும் கக்கூஸுக்கும் கீழே இருக்கிற வளைவில் குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவம், ஆன்டிஃப்ரீஸ், ஊற்ற வேண்டும். எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் உறைந்து பருத்துக் குழாய் வெடிக்கும், வசந்தத்தில் வீட்டுக்காரர் வந்து திறக்கும்போதுதான் தெரியும், திட்டு நமக்கு. ஜனவரியில் மைனஸ் முப்பது சாதாரணம். ஏரி மேலேயே நடக்கலாம்.

மனிதர்கள் போனதும் ஊர் எல்குகளுடையது. மான்தான், ஆனால் குதிரை உயரம். புல்வெளியில் மேய்ந்துகொண்டே வாசல்வரை வரும். செப்டம்பரில் கிடாக்கள் விசில் மாதிரிக் கத்தும், முதல் தடவை கேட்டபோது ஏதோ மெஷின் பழுது என்று நினைத்தேன். கரடி பயமா என்று கேட்டாயே, எனக்குப் பயம் மே கடைசியில் குட்டி போட்ட தாய் எல்குதான், எச்சரிக்கையே இல்லாமல் பாயும். கரடிக்கு இங்கே குப்பைத் தொட்டியே பூட்டு வைத்ததுதான்.

இந்தக் குளிர்காலமும் இங்கேயேதான். சஸ்காச்சுவானில் கடிகாரத்தை மாற்றுகிற பழக்கம் கிடையாது, அதனால் எல்லா மாதமும் ஒரே கணக்கு: நீ சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் எனக்குக் காலை ஆறரை. அப்பாவுக்கு மாத்திரைப் பணம் போட்டுவிட்டேன், வந்ததா என்று சொல்.

தம்பி