இலைக் கணக்கு மென்பொருள் லினக்ஸுக்கும் வர உதவுங்கள்

அன்புள்ள விவசாயிகளுக்கும், வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், நண்பர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் சிறு தேயிலை விவசாயிகளின் கொள்முதல் மையங்களில் பச்சை இலை எடையையும் மாதப் பட்டுவாடாவையும் எழுதிவரும் இலைக் கணக்கு மென்பொருளை உங்களில் பலருக்குத் தெரியும். அதை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூல நிரலும் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இதுவரை அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் ஓட வைப்பதா, வேண்டாமா என்று குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஓட வைக்கலாம், ஆனால் மூன்று வருடப் பராமரிப்புக்கான பணம் கைக்கு வந்த பிறகே அதை மையங்களுக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கு அறிவித்த கூடுதல் அவகாசமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். நம் மையங்களில் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்ததை வைத்தே கணக்கு எழுதும் மையங்களும் உண்டு. மாதக் கடைசியில் உரக் கடனும் முன்பணமும் கழித்து, கையில் நிற்பதைப் பார்த்துக் குடும்பம் நடத்தும் விவசாயிகளிடம், நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதே பழைய கணினியில் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம் என்பதால்தான் இந்த முயற்சி.

மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் கணக்கில் லைன் போகிற மலையில், இணையமே வராத கணினிக்குப் பாதுகாப்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணினியிலிருந்து கணக்கு வெளியே போவது பென் டிரைவில். அது டவுனில் ஜெராக்ஸ் கடையிலும் செருகப்படுகிறது, தொழிற்சாலை அலுவலகத்திலும் செருகப்படுகிறது, திரும்ப வந்து மையத்துக் கணினியிலும் செருகப்படுகிறது. ஒரு வைரஸ் உள்ளே வந்து கணக்கைப் பூட்டிவிட்டால், எந்த வீட்டு இலை எத்தனை கிலோ, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதற்கெல்லாம் சாட்சியே இல்லாமல் போகும். தேயிலை வாரியம் மாதாமாதம் மாவட்டத்தின் சராசரி இலை விலையை அறிவிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமானால் முதலில் எடை நம் கையில் இருக்க வேண்டும்.

சரி, லினக்ஸுக்கு மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை? மென்பொருளின் நடுப்பகுதி பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. திரையைக் காட்டுவது க்யூட்டி என்ற நிரல் தொகுப்பு, கணக்கைச் சேமிப்பது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். மூன்றும் இரண்டு இயங்குதளத்திலும் ஓடுபவை. எனவே கூட்டல் கழித்தலில் கை வைக்க வேண்டியதில்லை. கணினி வெளிப்பொருட்களைத் தொடுகிற இடங்களில்தான் சிக்கல்.

முதலில் எடை இயந்திரம். தராசிலிருந்து வரும் சீரியல் கேபிளை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகச் செருகுகிறோம். விண்டோஸில் அது காம் 3 என்றோ காம் 4 என்றோ தெரியும். லினக்ஸில் பெயர் வேறு, அனுமதியும் வேறு. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் என்ற குழுவில் பயனரைச் சேர்க்காவிட்டால் எடையே வராது. சில லினக்ஸ் வெளியீடுகளில் ஒரு வகை மலிவு கன்வெர்ட்டரைப் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று கணினி தவறாக எடுத்துக்கொள்ளும், போர்ட் காணாமல் போகும். காலை நேரத்தில் இலை மூட்டைகளோடு வரிசை நிற்கும்போது இதைப் போனில் சொல்லிச் சரிசெய்வது லேசான காரியமல்ல. அதே சமயம், விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்காத பழைய கன்வெர்ட்டர்கள் சில லினக்ஸில் ஒழுங்காக ஓடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது எடைச் சீட்டு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் சீட்டைப் படமாக வரைந்து அனுப்புகிறோம். இப்போது பயன்படுத்தும் லதா எழுத்துரு விண்டோஸோடு வருவது. லினக்ஸ் பதிப்போடு சேர்த்துக் கொடுக்க நமக்கு உரிமமில்லை. நோட்டோ தமிழ், லோகித் தமிழ் போன்ற திறந்த எழுத்துருக்களுக்கு மாறினால் எழுத்தின் அகலம் மாறும், ஊர்ப்பெயரோடு சேர்ந்து பெயர் நீளும்போது எடைக் கட்டம் தள்ளிப்போகும். விவசாயி கையில் வைத்துக்கொள்ளும் ஒரே ஆதாரம் அந்தச் சீட்டுதான். அதில் ஓர் எண்கூட இடம் மாறக் கூடாது. தட்டச்சுக்குப் பிரச்சினை இல்லை, தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக நன்றாகவே வருகிறது.

குழுவில் கடைசி வரை தயங்கியவர், நிரலில் பெரும்பகுதியை எழுதியவரே. ஒவ்வொரு திருத்தத்தையும் இனி இரண்டு இடத்தில் சோதிக்க வேண்டும், ஆள் கிடைக்காமல் ஒன்றைப் பாதியில் கைவிட்டால் அதை நம்பி வந்த மையம் மாதக் கணக்கோடு நடுவழியில் நிற்கும் என்றார். அவர் சொன்னதுதான் எங்கள் முடிவின் அடிப்படை. தேயிலை நாற்று நடுவது ஒரு செலவு, கவாத்தும் உரமும் வருடந்தோறும் செலவு. லினக்ஸ் பதிப்பை எழுதித் தர ஆர்வமுள்ள இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். எழுதிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பணம் வேண்டும்.

எல்லா லினக்ஸுக்கும் பொறுப்பேற்கப் போவதில்லை. டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையின் 64 பிட் பதிப்புக்கு மட்டும். 2025 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்புக்கு, நீண்டகாலப் பராமரிப்பையும் சேர்த்து 2030 வரை ஆதரவு உண்டு. 32 பிட் கணினிகளில் அதை நிறுவுவதற்கான மென்பொருள் கிடையாது, அவற்றை எங்களால் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் பதிப்பு இப்போதுபோலவே தொடரும். கைபேசிக்கு ஏன் கொண்டுவரவில்லை என்றும் கேட்கிறார்கள். தராசும் பிரிண்டரும் இல்லாமல் கணக்கைப் பார்க்க மட்டும் என்றால் செய்யலாம், அது பிறகு.

தேவைப்படுவது நாலரை லட்சம் ரூபாய். இதில் 3,60,000 ரூபாய், மாதம் 10,000 வீதம் மூன்று வருடத்துக்கு ஒரு பகுதிநேர நிரலாளருக்கு. 60,000 ரூபாய் சோதனைக்கென்று ஒரு தராசு, பிரிண்டர், பழைய கணினிகளுக்கு. மீதி 30,000 ரூபாய் மையங்களுக்குப் போய்வரவும் கணக்கு எழுதுபவர்களுக்குக் கற்றுத்தரவும். குழு உறுப்பினர்கள் யாரும் இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. மொத்தமாகத் தர முடியாதவர்கள் மாதம் நூறு ரூபாய் என்று ஒத்துக்கொண்டாலும் எங்களுக்குப் பெரிய பலம். பராமரிப்பு மாதாமாதம் வரும் செலவு என்பதால், பணமும் அப்படி வந்தால் நல்லது.

ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. நன்கொடைக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவு எங்களிடம் இல்லை, எனவே வரிச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் நாங்கள் பதிவு செய்யவில்லை, உங்கள் பணத்தை வாங்க எங்களுக்கு அனுமதியில்லை. நீங்கள் நிரலில் பிழை பார்த்துத் தந்தால் அதுவும் பெரிய உதவி.

மார்ச் 31க்குள் முழுத் தொகையும் சேராவிட்டால், வந்த பணத்தை அவரவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதுவரை எழுதிய லினக்ஸ் நிரல் திறந்தே கிடக்கும், தெரிந்தவர்கள் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் எந்த மையத்திலும் அதை நம்பிக் கணக்கு எழுதுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

வீட்டில் சும்மா கிடக்கும் 64 பிட் கணினியோ, ஓடுகிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ, எந்த வகை சீரியல் கன்வெர்ட்டரோ இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். குறிப்பாகக் கன்வெர்ட்டர்கள். எத்தனை வகை கிடைக்கிறதோ அத்தனையும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
இலைக் கணக்கு மென்பொருள் குழுவினர்,
கோத்தகிரி