அவர் எந்த எஃப்.எம். கேட்டு வளர்ந்தவர்?

ஹூஸ்டன்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் உன் பக்கத்து மேஜைக்காரர், நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், டெக்சாஸ்காரர்கள் போடுவதெல்லாம் ராப்பே இல்லை, கார் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் என்றாராம். நீயும் விடாமல் மல்லுக்கு நின்றாயாம். "இதுக்குத்தான் நியூயார்க் போனாளா?" என்றாள் அம்மா. எனக்கென்னவோ இது சண்டை போடத் தகுந்த விஷயமாகத்தான் பட்டது. ஆனால் எந்த ஊர்ப் பாட்டு உசத்தி என்று ஆரம்பித்தால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. அவர் எந்த ஸ்டேஷன் கேட்டு வளர்ந்தார் என்று கேட்டுப்பார். பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

அப்பாவுக்கு ராப்பைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதே. ரிஃபைனரியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவனுக்கு விடியற்காலைத் துணை கார் ரேடியோதான். முந்தின நாள் நீ 97.9 தி பாக்ஸ் என்கிற ராப் ஸ்டேஷனுக்குத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பாய். நான் மாற்றாமல் விட்டுவிடுவேன். அப்படிப் பழகிய காது இது.

முதலில் அவர் ஊருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிரான்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட பார்ட்டியிலிருந்துதான் எல்லாரும் ராப்பின் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்தப் பாட்டு சொந்த ஊர் ரேடியோவுக்குள் நுழையப் பட்ட பாடு கொஞ்சமா? எண்பதுகளில் கறுப்பின மக்களுக்காக நடந்த நிலையங்களிலேயே சில, 'எங்களிடம் ராப் கிடையாது' என்று பெருமையாக அறிவித்துக்கொண்டன. விளம்பரம் கொடுப்பவருக்குக் குடும்பஸ்தர்கள் வேண்டும், பையன்கள் கூட்டம் வேண்டாம். நியூயார்க்கின் டபிள்யூ.பி.எல்.எஸ். நிலையம் ராப் போட்ட மிஸ்டர் மேஜிக்குக்குக் கொடுத்தது வார இறுதி இரவு நேரத்தை. எதிர் நிலையமான கிஸ் எஃப்.எம்.மில் டிஜே ரெட் அலெர்ட்டுக்கும் அப்படித்தான். பிள்ளைகள் அதைக் கேசட்டில் பிடித்து வைத்துக்கொண்டு வாரம் முழுக்கக் கேட்டார்கள். மேஜிக் பக்கம் குவீன்ஸ்பிரிட்ஜ் பையன்கள், ரெட் அலெர்ட் பக்கம் பிரான்க்ஸ் பையன்கள். ஒரே ஊருக்குள்ளேயே ரேடியோ முள்ளை எங்கே நிறுத்துகிறாய் என்பதை வைத்துக் கட்சி பிரிந்தது.

தொண்ணூறுகளில் கொலம்பியா பல்கலைக்கழக நிலையத்தில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் நடத்திய நிகழ்ச்சி இன்னும் மோசமான நேரத்தில் வந்தது. வியாழன் இரவு தாண்டி ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணி வரை. நாஸ், ஜே-ஸி, நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. எல்லாரும் பெரிய பெயர் எடுக்கும் முன்பே அங்கே வந்து மைக்கைப் பிடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டாரை எழுப்பாமல் ஹெட்போனில் கேட்கிறவனுக்கு எது ருசிக்கும்? சொல்தான். எதுகை எங்கே மடங்குகிறது, குத்தல் எங்கே விழுகிறது என்று பார்ப்பான். மறுநாள் சப்வேயில் வாக்மேனில் அதையே திருப்பிக் கேட்பான். அப்படி வளர்ந்தவருக்கு நம் ஊர்ப் பாட்டு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அதற்காக அவரைக் கோபித்துப் பயனில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் கதை வேறு. அங்கே கே.டே என்று ஒரு நிலையம், அதுவும் ஏ.எம்., 1580. 1983-இல் அதன் பாட்டுத் தேர்வுப் பொறுப்புக்குப் போன கிரெக் மாக் யார் தெரியுமா? நம் ஹூஸ்டன் மேஜிக் 102 நிலையத்தில் இருந்து போனவர்! இதை உன் நண்பரிடம் கட்டாயம் சொல். தெருவில் கார்களில் என்ன ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, அதையே பகலிலும் ஒலிபரப்பினார். நியூயார்க்கில் நள்ளிரவுச் சரக்காக இருந்தது அங்கே பட்டப்பகல் சரக்கானது. டாக்டர் ட்ரேயும் டிஜே யெல்லாவும் அந்த நிலையத்துக்கு மிக்ஸ் செய்து கொடுத்தவர்கள். காரில் ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்கிற ஊரில் பேஸ் என்கிற அந்த அடிநாத அதிர்வு ஏறாமல் என்ன செய்யும்? 1991-இல் அந்த நிலையம் ராப்பை நிறுத்தியபோது அது வளர்த்த பிள்ளைகள் நாடு முழுக்கத் தெரிந்தவர்களாகியிருந்தார்கள்.

நான் இதில் எல்லாம் ஆச்சரியப்படாததற்குக் காரணம் தூத்துக்குடி. எங்கள் வீட்டு ரேடியோவில் திருநெல்வேலியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். ஆகாசவாணி 1952-இல் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. இலங்கை வானொலி அதையே அள்ளி வழங்கி ஆளைப் பிடித்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஒதுக்கல் தளர்ந்துவிட்டது, பிடித்த ஆள் மட்டும் திரும்பவில்லை. அங்கே அறிவிப்பாளராக இருந்த கே.எஸ். ராஜாவின் குரல் வந்தால் தெருவே நிற்கும். எனக்குப் பிடித்த பாட்டுகள் என்று நான் இன்றைக்கும் சொல்லுவதில் பாதி, கொழும்பில் யாரோ ஒருவர் தட்டில் எடுத்து வைத்தவை. அதனால் அவை என் பாட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே முதலில் வழி திறந்தது டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் கே.டி.எஸ்.யூ. எண்பதுகளில் சனிக்கிழமை காலை 'கிட்ஸ் ஜாம்' என்று பிள்ளைகளே நடத்திய நிகழ்ச்சி. தொண்ணூறுகளில் பாக்ஸ் வந்தது. ராப்-எ-லாட் கம்பெனியின் கெட்டோ பாய்ஸ் குழு 1991-இல் நாடு முழுக்க ஒலித்தது. ஆனால் ஹூஸ்டன் என்றதும் இன்று எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற அந்த மெதுவான, குரல் கனத்து இழுபடுகிற ஒலி இருக்கிறதே, அதை எந்த நிலையமும் பெற்றெடுக்கவில்லை.

அது டிஜே ஸ்க்ரூவின் வீட்டில் பிறந்தது. ஸ்மித்வில் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த பையன். ஓடுகிற தட்டின் வேகத்தைக் குறைப்பான். இரண்டு தட்டில் ஒரே பாட்டைக் கொஞ்சம் முன்பின்னாக விட்டு, ஒரே வரியை இரண்டு தரம் விழவைப்பான். நியூயார்க் பாட்டு, கலிஃபோர்னியா பாட்டு, எதுவானாலும் அவன் கையில் பட்டால் ஹூஸ்டன் பாட்டாகிவிடும். பேட்டைப் பையன்கள் அதன் மேல் மணிக்கணக்கில் வாய்க்கு வந்ததைப் பாடுவார்கள். சாம்பல் நிறக் கேசட்டில் பதிந்து வீட்டு வாசலிலேயே விற்பான். இரவானால் அந்தத் தெருவில் கார் வரிசை நிற்கும். கஞ்சா விற்கிறார்களோ என்று போலீஸ் சந்தேகப்பட்டதாகவும் சொல்வார்கள். 1998-இல் கடையே திறந்தான். 2000 நவம்பரில் 29 வயதில் இறந்துபோனான். கோடீனும் வேறு போதை மருந்துகளும் செய்த வேலை. அப்போது நீ சின்னப் பிள்ளை. பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அந்தக் கோடீன் கலந்த இருமல் சிரப்பைப் பற்றி நான் உன்னிடம் பேசியது நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அவன் வைத்திருந்த இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

ரேடியோ கதவைத் திறக்காத இடத்தில் காரே ரேடியோ ஆயிற்று. 610 நெடுஞ்சாலையைச் சுற்றி, 59-ஆம் நெடுஞ்சாலையில் இறங்கி, எந்த சிக்னலில் நின்றாலும் பக்கத்துக் காரிலிருந்து ஸ்க்ரூ கேசட் அதிரும். நம் வண்டிக் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும். உன் நண்பர் "கார் ஸ்பீக்கர் சத்தம்" என்றது உண்மையில் சரியான வர்ணனைதான். அதைத் திட்டாக எடுத்துக்கொண்டது நீ.

இன்னொன்று சொன்னால் அவர் வாயடைத்துப் போவார். 1986-இல் ஷோபாய்ஸ் என்று நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பையன்கள் ஒரு தட்டு போட்டார்கள். சொந்த ஊரில் அதைச் சீந்துவாரில்லை. அது நியூ ஆர்லீன்ஸுக்கும் மெம்ஃபிஸுக்கும் போய்ச் சேர்ந்தது. நியூ ஆர்லீன்ஸில் பவுன்ஸ் என்ற முழு இசை வகையே அந்த ஒரு தட்டின் தாளத்தை வெட்டி ஒட்டி எழுந்து நின்றது. பாடியவர்களுக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். வாஷிங்டனிலோ சக் பிரவுன் வைத்துப் போன கோ-கோ என்ற இசையை விட்டு ஜனங்கள் நகரவே இல்லை. ஒரே நாடு, ஒரே டாலர். காது மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் என்ற ராப் பத்திரிகையின் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவுக்குப் பரிசு கொடுத்தபோது கூட்டம் கூச்சல் போட்டது. "தெற்கிடம் சொல்ல ஏதோ இருக்கிறது" என்று அந்தக் குழுவின் ஆந்த்ரே சொல்லிவிட்டு இறங்கினார். அந்தக் கூட்டத்தில் பலர் அவர்கள் பாட்டை ரேடியோவில் சரியாகக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள் என்பது என் ஊகம். அதே வருஷம் அட்லாண்டாவில் ஹாட் 97.5 என்ற நிலையம் ஆரம்பித்தது. அங்கே கிறிஸ் லவா லவா என்ற பெயரில் மைக் பிடித்த பையன்தான் பிறகு லூடாக்ரிஸ் ஆனான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எரிச்சல் தருகிற பகுதி. 1996 பிப்ரவரியில் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம். அதற்கு முன் ஒரு கம்பெனி நாடு முழுக்க அதிகபட்சம் 40 நிலையங்கள்தான் வைத்திருக்கலாம். சட்டம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. நம் பக்கத்து சான் அன்டோனியோவில் இருந்த கிளியர் சேனல் சில வருஷத்துக்குள் சுமார் 1,200 நிலையங்களுக்கு முதலாளி. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கே.எம்.இ.எல்., கே.ஒய்.எல்.டி. என்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாயின. பாக்ஸும் கிளியர் சேனல் கையிலிருந்து 2000-இல் ரேடியோ ஒன் என்ற கம்பெனி கைக்கு மாறியது. எங்கேயோ ஓர் அறையில் தயாரான பட்டியல் ஊரூராக ஓடியது. பற்றாததற்குக் காசு வேறு. பாட்டை ஓட்ட நிலையங்களுக்குச் சன்மானம் கொடுத்த விவகாரத்தில் 2005-இல் சோனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பெனி நியூயார்க் மாநிலத்துடன் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அதே 2005-இல்தான் மைக் ஜோன்ஸ், பால் வால், ஸ்லிம் தக் என்று நம் ஊர் ஆட்கள் நாடெங்கும் ஓடினார்கள். மைக் ஜோன்ஸ் பாட்டிலேயே தன் போன் நம்பரைச் சொல்ல, நீ அதற்கு அழைத்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். அதனால் ரேடியோ எல்லாவற்றையும் நசுக்கிவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பல வருஷம் கார் டிக்கியில் கேசட்டும் சி.டி.யும் விற்றுப் பெருகிய கூட்டத்தைப் பெரிய கம்பெனிகளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேள்வி என்னவென்றால், 1985-இல் பிறந்திருக்க வேண்டிய அடுத்த ஸ்க்ரூ எந்தப் பட்டியலுக்கு அடியில் நசுங்கிப் போனான் என்பது.

இப்போது ரேடியோவும் பின்னுக்குப் போய்விட்டது. 2011-இல் ஏசாப் ராக்கி என்ற ராப்பர் வந்தபோது கேட்டுப் பார்த்தேன். நியூயார்க் ஹார்லெம் பையன், ஆனால் ஒலி முழுக்க நம் ஊர். மெதுவாக்கிய குரல், கனத்த இழுப்பு, எல்லாம். கேசட் வரிசையில் நிற்காமலே கம்ப்யூட்டர் வழியாக ஸ்க்ரூ அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். போன மாதம் நீ வாட்ஸப்பில் அனுப்பினாயே, எஸ்.பி.பி. பாட்டை மெதுவாக்கி எதிரொலி கூட்டிய வீடியோ, கீழே 'ஸ்லோட் ரிவெர்ப்' என்று போட்டிருந்ததே. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்தாயா? போட்டவனுக்கு ஸ்மித்வில் எங்கே என்று தெரிந்திருக்காது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், எஸ்.பி.பி.யை யாரும் மெதுவாக்கத் தேவையில்லை.

ஆகையால் திங்கட்கிழமை அவரிடம் இரண்டு கேள்வி கேள். வயது என்ன? வீட்டில் ஓடியது டபிள்யூ.பி.எல்.எஸ்.ஸா, கிஸ்ஸா, நியூயார்க்கின் ஹாட் 97-ஆ? ஐம்பதைத் தாண்டியவர் என்றால் பொறுமையாகக் கேட்டுக்கொள். நமக்குக் கிடைக்காத கேசட் கதைகள் அவரிடம் இருக்கும், எனக்கும் எழுது. நாற்பதுக்குக் கீழே என்றால், அவர் கேட்டதும் நீ கேட்டதும் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். அப்படியானால் இந்த பிரான்க்ஸ் பெருமை அவர் அப்பாவிடமிருந்து வந்தது; சண்டையை அவர் அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

இட்லிப் பொடி அனுப்பியாயிற்று, புதன்கிழமை வந்துவிடும் என்கிறாள் அம்மா. டப்பாவைத் திறந்தே வைக்காதே.

அன்புடன்,
அப்பா