மாமி, இஸ்கியாவிலும் ஒரு நீர்கொழும்பு இருக்கிறது

அன்புள்ள மாமி,

போன கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "அந்தச் சுடுதண்ணீரில் இறங்கினால் என் முழங்கால் நோ போகுமா, போகாதா? ஒரே சொல்லில் சொல்" என்றீர்கள். ஒரே சொல்லில் அடங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, கோபிக்க வேண்டாம்.

முதலில் ஒரு வேடிக்கை. இத்தாலியின் நாப்போலித் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரம் போனால் இஸ்கியாத் தீவு. அதன் வடமேற்கு மூலையில் சான் மொந்தானோ என்று குதிரை லாட வடிவில் ஒரு சின்னக் குடா. அங்குள்ள வெந்நீர்ப் பூங்காவின் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நான் நடுவழியில் நின்றுவிட்டேன். நெகொம்போ! நம் ஊர் நீர்கொழும்பேதான். கமெரினி என்ற பிரபு ஒருவர், செடிகொடிப் பித்தர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த இடத்தை வாங்கியபோது, இலங்கையில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக இப்படிப் பெயர் வைத்தாராம். எனக்கு ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. நம் கடற்கரை தட்டையானது, நீண்டது, கருவாட்டு வாசனை வீசுவது. இதுவோ இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல இருக்கிறது. ஆனாலும் நம் ஊரின் தமிழ்ப் பெயரிலேயே நீர் இருப்பது அந்தப் பிரபுவுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இனி தண்ணீருக்கு வருகிறேன். நீங்கள் திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றியிருக்கிறீர்கள், ஏழு கிணறும் ஏழு சூடு. அங்கே சூட்டுக்குச் சொல்லும் கதை இராவணனுடையது. இஸ்கியாவில் அடுப்பே காலடியில் எரிகிறது. தீவு முழுவதும் ஓர் எரிமலை. கடைசியாகக் குமுறியது 1302இல். மழைநீரும் கடல்நீரும் பாறை வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, சுட்டு, உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றன. நடுவில் நிற்கும் எப்போமியோ மலை 789 மீட்டர். ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த பச்சை நிறச் சாம்பல் பாறையைக் கீழிருந்த நெருப்பு அவ்வளவு உயரத்துக்குத் தள்ளியிருக்கிறது.

தெற்கே மரோந்திக் கடற்கரையில் சில இடங்களில் மணலிலிருந்தே ஆவி வருகிறது. முட்டையையும் உருளைக்கிழங்கையும் தாளில் சுற்றி மணலில் புதைத்து வேகவைக்கிறார்கள். செருப்பில்லாமல் நடந்தேன். பத்து அடி போவதற்குள் குதிக்கத் தொடங்கிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சொர்ஜெத்தோ. கட்டணம் இல்லை, சுவர் இல்லை, கடலுக்குள்ளேயே வெந்நீர் ஊற்று. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது, அலை வந்து கலக்கிறது. அன்று எனக்கு அருகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி கழுத்தளவில் உட்கார்ந்திருந்தார். சூடு கூடியபோது காலால் ஒரு கல்லைச் சற்றே நகர்த்தினார். இடைவெளி வழியே குளிர்ந்த கடல் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கல்லை மறுபடி இழுத்து அடைத்தார். குழாயைத் திருகுவதுபோல அவ்வளவு பழக்கம். என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் வேண்டாம், வெந்து போவாய்" என்று கையால் காட்டினார். நான் கேட்கவில்லை. முழங்கை சிவந்துபோனது.

ஆனால் மாமி, அங்கே இறங்க இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். மூட்டு நோவுக்கு மருந்து இருக்கும் இடத்துக்கு மூட்டு நோவோடு போக முடியாது! உங்களைப் பக்கத்துக் கடற்கரை ஊரான சந்தாஞ்ஜெலோவிலிருந்து சின்னப் படகில் கொண்டுபோய் இறக்குவேன்.

நீட்ரோடி ஊற்று வேறு மாதிரி. மலைச்சரிவில், பரானோ பக்கம். தண்ணீர் 28 பாகை செல்சியஸ்தான், வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ரோமர் காலத்தில் உடல்நலம் கிடைத்தவர்கள் இங்குள்ள நீர்த் தேவதைகளுக்கும் அப்பல்லோவுக்கும் சலவைக்கல்லில் சிற்பம் செதுக்கி நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார்கள். அந்தக் கற்களை நாப்போலி அருங்காட்சியகத்தில் பார்த்தேன். நம் கோயில்களில் வெள்ளியில் கை, கால், கண் செய்து போடுகிறோமே, அதே மனசு.

தீவின் ஊற்றுகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தவர் கலாப்ரியாவில் பிறந்த மருத்துவர் ஜூலியோ யசோலினோ. எந்த ஊற்று எந்த நோய்க்கு என்று 1588இல் புத்தகமே போட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாப்போலி அறக்கட்டளை ஒன்று இதே தீவின் கசமிச்சொலா ஊரில் ஏழைகளுக்கென்றே வெந்நீர் மருத்துவமனை கட்டியது. இந்தச் செய்தி எனக்கு அதிகம் பிடித்தது. இன்று வெந்நீர் என்றாலே வெள்ளை அங்கியும் வெள்ளரிக்காய்த் தண்ணீரும் நினைவுக்கு வருகின்றன. அன்று அது தர்ம ஆஸ்பத்திரி.

லாக்கோ அமேனோ ஊற்றில் ரேடான் என்ற கதிரியக்க வாயு உண்டு. 1918இல் மேரி கியூரியே வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் கதிரியக்கம் என்றால் பெருமையான விளம்பரம். இப்போது வீட்டுக்குள் ரேடான் தேங்கினால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அளக்கிறார்கள். அந்த ஊற்றுக்கு உங்களைக் கூட்டிப்போகப் போவதில்லை. என் பயம் மிகையாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. களிமண்ணை வெந்நீரில் மாதக் கணக்கில் ஊறவைத்து, 45 பாகைக்கு மேல் சூடாக மூட்டில் பூசி, கால் மணி நேரம் விட்டு, கழுவி, வெந்நீரில் உட்காரவைத்து, பிறகு போர்த்திப் படுக்கவைத்து வியர்க்க விடுவார்கள். பன்னிரண்டு நாள் ஒரு சுற்று. இத்தாலியில் குடும்ப மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு சுற்றின் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும். உங்களுக்கு அது கிடைக்காது, நம் கைப்பணம்தான். இப்படிச் செய்தால் முழங்கால் வலி சில மாதங்களுக்குக் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று யாராவது சொன்னால், பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். அந்த நிலையில் நோகாமல் நடந்து பழகலாம். அதோடு பன்னிரண்டு நாள் அடுப்படிக்குப் போகாமல் இருப்பீர்கள். எனக்கென்னவோ பாதி மருந்து அதுதான் என்று படுகிறது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்த நெருப்பு சும்மா இருப்பதில்லை. 1883 ஜூலை 28 இரவு, குளிக்க வந்தவர்களால் விடுதிகள் நிரம்பியிருந்த நேரம், கசமிச்சொலா நிலநடுக்கத்தில் இடிந்தது. 2,300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பின்னாளில் பெரிய தத்துவ அறிஞராக விளங்கிய பெனெதெத்தோ குரோச்சேக்கு அப்போது 17 வயது. தாய், தந்தை, தங்கை மூவரையும் அந்த இரவில் இழந்தார், அவரையே மணிக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து எடுத்தார்கள். 2017இல் மறுபடி நடுங்கியது. 2022 நவம்பரில் கன மழையில் எப்போமியோவின் சரிவு பெயர்ந்து வந்து பன்னிரண்டு பேரைக் கொண்டுபோனது. நான் போனபோது சேறு வந்த பாதையில் சில வீட்டுக் கதவுகள் பாதி உயரம் வரை கறை படிந்து நின்றன. அங்கிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் முகத்தில் சேறு பூசிக்கொண்டு வெயிலில் கண்மூடிப் படுத்திருக்கிறார்கள். அன்று எனக்குக் குளிக்கத் தோன்றவில்லை. மறுநாள் குளித்தேன்.

வருவதென்றால் மே மாதம் வாருங்கள். பூங்காக்கள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைதான் திறந்திருக்கும், ஓகஸ்டில் கால் வைக்க இடமிருக்காது. கொண்டைக்கு ஏற்ற குளியல் தொப்பியும் வழுக்காத செருப்பும் எடுத்து வையுங்கள், தொப்பி இல்லாமல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீங்கள் பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்பதால் புறப்படும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். சூடான குளத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் உங்களை இருக்க விடமாட்டேன். நான் 40 பாகைத் தண்ணீரில் அரை மணி நேரம் வீறாப்பாக உட்கார்ந்து, எழுந்ததும் கண் இருட்டி, முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

நெகொம்போ பலகையின் கீழ் உங்களை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். அதை மாமாவுக்கு அனுப்பினால், "இவ்வளவு செலவழித்து நம் ஊருக்கா போனாய்?" என்று அவர் கத்துவதைத் தொலைபேசியில் நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்