கண்ணாடி இலையைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலையுதிர்காலத்தில் விதைத்து அடுத்த கோடையில் அறுக்கும் குளிர்காலக் கோதுமை பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரை உரத்தைப் பற்றி நிறையச் சொன்னது; நோயைப் பற்றி ஒரே வரிதான். இந்தப் பயிரோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒருமுறை அவசரப்பட்டு மூன்று வாரம் முன்னதாகவே விதைத்துவிட்டேன். பயிர் பச்சைப்பசேலென்று நின்றது, எனக்கோ ஏகப் பெருமை. குளிர் இறங்காத அந்த நாட்களில் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி குடியேறி, மஞ்சள் குட்டை என்னும் வைரஸ் நோயைப் பரப்பிவிட்டது. வசந்தத்தில் திட்டுத் திட்டாகக் குறுகி நின்ற பயிரைப் பார்த்துத்தான் புத்தி வந்தது. போன அறுவடையில் சிந்தித் தானாக முளைத்த கோதுமையை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே நான் அழித்திருக்க வேண்டும். அசுவினியும், இலையில் துருப்போலப் படரும் துருநோய்ப் பூஞ்சையும் தங்கியிருந்து புதுப்பயிருக்குத் தாவ அதுதான் பாலம்.

தழைச்சத்தையும் (நைட்ரஜன் உரம்) இப்போது ஒரே தடவையில் கொட்டுவதில்லை. அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்துத் தூர் கட்டும்போது ஒரு பங்கு, தண்டு நீளத் தொடங்கும்போது மிச்சம். அதிகமானால் பயிர் சாயும்.

அப்புறம், கண்ணாடி இலை. கடைசியாக விரியும் அந்த இலைக்குத்தான் மணியை நிரப்புவதில் பெரும்பங்கு. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஈரமும் இருந்தால் போதும், மஞ்சள் துரு வரிவரியாகக் கிளம்பிவிடும். அதனால் அந்த இலை விரியும் சமயம் வயலில் இறங்கிக் கீழ் இலைகளைப் புரட்டிப் பார்ப்பேன். காலண்டரைப் பார்த்து மருந்தடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சைக்கும் பழகிவிடும்.

பூக்கும்போது மழை பெய்தால் வரும் கதிர்க்கருகலைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோதுமை விவசாயி